எந்தத் தாயும் வைக்காத தட்டு

பதினான்கு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் டீவி நாடகங்களையும் சினிமாவையும் பற்றி ஒரு பெண் பெயரில் எழுதிவருகிறேன். பெயரை வைத்தது நானல்ல. கொழும்பில் இருக்கும் ஆசிரியர் வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "உந்தப் பக்கத்தை வாசிக்கிறது பொம்பிளையள்தான். பொம்பிளைப் பேர் எண்டால்தான் நம்புவினம்" என்றார். நம் பத்திரிகைகளில் இது புதிதா என்ன? மீசை வைத்த எத்தனையோ பேர் மனைவி பெயரிலும் மச்சினி பெயரிலும் எழுதிப் பெரிய ஆளாகியிருக்கிறார்கள். எனக்கு மனைவி இல்லை. இல்லாத ஒருத்தியின் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

என்னோடு கண்டி கட்டுக்கலையில் ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இது தெரியாது. மாநகர சபையில் கிளார்க் வேலை பார்க்கும் மகன் எப்போதாவது சிறுகதை எழுதுவான் என்பது மட்டும் தெரியும். அதை அவர் வாசிப்பதில்லை. "ஒன்னும் வெளங்கல தம்பி, யாரு யாரைக் கட்டுறான்னே தெரியல" என்பார். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்தை ஒரு வாரமும் விடமாட்டார். ஞாயிறு காலை சந்திக் கடையில் நான் பேப்பர் வாங்கி வருவேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுச் சண்டை பிடிப்பார். "இந்தப் பொம்பளைக்கு வாய் கூடிப்போச்சு. இவ புருசன் என்னா பாடு படுறானோ!" நான் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே உள்ளுக்குள் சிரிப்பேன். முதலில் விளையாட்டுக்காகச் சொல்லாமல் இருந்தேன். பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

சொல்லாமல் விட்டது அது ஒன்றுதானா? நான் ஆண்களை விரும்பும் ஆண். இதை இவ்வளவு நேராக எழுத நாற்பத்தாறு வயது ஆகியிருக்கிறது. எழுதிப் பார்த்தால் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

சனிக்கிழமைதோறும் தெல்தெனியவிலிருந்து பஸ் ஏறி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிங்களவர். ஏழு வருடங்களாக எனக்கு எல்லாமே அவர்தான். ஊருக்கு அவர் என் கூட்டாளி. அம்மாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் அம்மா அவரை 'மாத்தயா', அதாவது ஐயா, என்றார். அடுத்த வருடம் அது 'புத்தா' ஆனது, சிங்களத் தாய்மார் மகனைக் கூப்பிடுவதைப் போல. அவரும் 'அம்மே' என்பார். சனிக்கிழமை மீன் கறி கட்டாயம். நடுத்துண்டு அவருக்கு, தலை எனக்கு, வால் அம்மாவுக்கு. சாப்பிட்டதும் இருவரும் டீவி முன்னால் உட்கார்ந்து, கிழமை முழுக்கப் போன சென்னை நாடகத்தைத் திரும்பவும் போடும்போது பார்ப்பார்கள். அவருக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். மீதியை அம்மா தன் ஓட்டைச் சிங்களத்தில் சொல்லிக்கொடுப்பார். மாமியாருக்கும் மருமகளுக்கும் சிங்களத்தில் சொல் தெரியாமல், 'பெரிய பொம்பளை', 'சின்னப் பொம்பளை' என்றே ஒரு வருடக் கதையை ஓட்டிவிட்டார்.

போன வருடக் கடைசியில் புயல் மழையில் மலைகள் சரிந்தபோது, அந்தக் கிழமை கண்டிக்கு வந்திருந்தவர் ரோட்டு அடைபட்டுத் திரும்பிப் போக முடியாமல் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. வாளி வாளியாக மழைத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாரு இது, இத்தனை நாளா நிக்குறாரு?" என்று கேட்டார். "எங்க வீட்டு ஆளு" என்றார் அம்மா. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மண்டு!

இனி நாடகத்துக்கு வருகிறேன். அம்மா பார்க்கும் அந்தச் சென்னை நாடகத்தில் இந்த வருடம் திடீரென்று வீட்டின் கடைக்குட்டி மகன், தனக்கு ஓர் ஆணைத்தான் பிடித்திருக்கிறது என்று தாயிடம் சொன்னான். சொன்னதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தரம் காட்டினார்கள். இடி இடித்தது. தாய் நாலு வாரம் அழுதாள். அய்யோ, அந்த வயலின்! கடைசியில் ஒரு நாள் மகனும் அவனுடைய ஆளும் வாசலில் வந்து நின்றபோது, அவள் உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்து, "உக்காருப்பா, சாப்பிடு" என்றாள்.

எனக்கு அதைப் பார்த்து அழுகை வந்ததா, எரிச்சல் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சினிமாவில் என்னைப் போன்றவன் சிரிக்க வைப்பதற்கு மட்டும் வருவான். இடுப்பை ஆட்டிக்கொண்டு வருவான், நகைச்சுவைக்காரன் கன்னத்தில் ஒன்று விடுவான், தியேட்டரே குலுங்கும். எல்லாரையும் விட நான்தான் சத்தமாகச் சிரிப்பேன், யாரும் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று. இப்போது பார்த்தால் அதே ஆட்கள் வயலின் வாசிக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு பொடியன் ஜூன் மாதம் வந்தால் வாட்ஸப் படத்தில் வானவில் போடுகிறான். அதே பொடியன் மத்தியானம், நாடு நாசமாகப் போகிறது என்று யாரோ ஒரு பெரியவர் பேசிய வொய்ஸ் ஒன்றை எல்லாருக்கும் தள்ளிவிடுகிறான். கேட்டால், "ரெண்டும் நல்லாத்தானே அண்ணே இருக்கு" என்கிறான். இவனை எந்தப் பக்கம் சேர்ப்பது?

நாட்டு நடப்பும் அப்படித்தான். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன சட்டம் ஒன்று இன்னும் கிடக்கிறது. அதன்படி நானும் தெல்தெனிய வாத்தியாரும் குற்றவாளிகள். அதை எடுத்துவிடப்போகிறோம் என்பார்கள், கொஞ்ச நாள் பேப்பரில் அடிபடும், பிறகு பேச்சையே காணோம். இடையில், எங்களைப் போன்ற உல்லாசப் பயணிகளை நாட்டுக்குள் வரவேற்கலாமா என்று பெரிய மனிதர்கள் சண்டை பிடித்தார்கள். வரலாம் என்றார்கள் சிலர், ஹோட்டல்களுக்கு நல்லதாம். நான் பாஸ்போட்டோடு வந்து இறங்கியிருந்தால் கண்டியில் எனக்கு மாலை போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. தெல்தெனிய பஸ்ஸில் வருகிறவருக்கு யார் மாலை போடுவது? சந்தோசப்படுவதா, பயப்படுவதா என்று ஒவ்வொரு நாளும் பேப்பரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பார்த்தும் தெரிவதில்லை.

நாடகத்தில் தாய் தட்டு வைத்த அன்று அம்மா என் பக்கம் திரும்பினார். நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில்.

"பாத்தியா தம்பி?"

"என்னாத்தை?"

"அந்தத் தாய் செஞ்சத."

"அதெல்லாம் சும்மா கதைம்மா. ஆள் சேக்குறதுக்கு எடுக்குறான்" என்று எழுந்து போய்விட்டேன். அம்மா டீவிச் சத்தத்தைக் குறைத்தார்.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து அந்த வாரப் பக்கத்தை எழுதினேன். கோபம் தாங்க முடியவில்லை. யார் மேல் கோபம் என்று அப்போது யோசிக்கவில்லை. பொய் சொல்கிறார்களே, சும்மா நாலு வாரம் அழவிட்டு நம் வாழ்க்கையை முடித்துவைக்கிறார்களே என்று கை விறுவிறுவென்று ஓடியது. இப்படி முடித்தேன்: 'நம் ஊரில் எந்தத் தாயும் தன் மகனுடைய ஆணுக்குத் தட்டு வைக்கமாட்டாள். அப்படி ஒருத்தியைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.'

"நல்ல காரமாய் வந்திருக்கு" என்று ஆசிரியர் போன் பண்ணினார். "நாலைஞ்சு பேராவது கடிதம் எழுதுவினம், பாருங்கோ." எனக்கு ஒரே பெருமை.

ஞாயிறு காலை அம்மா அதை வாசித்தார். முடித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பிப் போய் இன்னொரு தரம் வாசித்தார். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னாம்மா, இந்த வாரம் அந்தப் பொம்பள என்னா சொல்றா?" என்று கேட்டேன். பாராட்டுக் கேட்க ஆசை.

"ஒன்னுமில்ல."

அடுத்த சனிக்கிழமை மீன் இல்லை. சோறும் பருப்பும் மேசையில் மூடியிருந்தன. "தலை பாரமா இருக்கு, நீங்க போட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாத்தியார் கொண்டுவந்த பப்பாளிப் பழம் மேசையிலேயே கிடந்தது. சரி, தலைவலி என்று விட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே பருப்பு, அதே கதவு. டீவி போடவில்லை. அவர் சாப்பிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். ஏழு வருடத்தில் அம்மா அவரைத் தட்டுக் கழுவ விட்டதில்லை.

நான் அவரை வழியனுப்ப மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முந்திச் சிங்களத்தில் சொன்னார்: "அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. நான் இனி வரல்ல. அவங்க வீட்டுல அவங்களே கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிறதுக்கு நான் காரணமா இருக்க ஏலாது." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பஸ் போய்விட்டது. பட்டப்பகலில், அத்தனை சனத்துக்கு நடுவில், எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். கடலைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பாவம் என்று பாதை விட்டார்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பக்கத்து வீட்டம்மா சொல்லியிருப்பாரா? ஆபீஸ் பொடியனின் அந்த வொய்ஸ் சுற்றிச் சுற்றி அம்மாவின் போனுக்கும் வந்திருக்குமா? புசல்லாவையிலிருந்து பேசும் மாமி ஏதாவது ஓதியிருப்பாரா? எல்லாரையும் ஒவ்வொருவராக நினைத்துத் திட்டினேன். என் பக்கத்தைப் பற்றி மட்டும் நினைக்கவேயில்லை. நினைத்திருந்தாலும், அதில் இருக்கும் தாய் டீவியில் இருக்கும் தாய்தானே? எங்கள் வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லையே? அப்படித்தான் நான் யோசித்திருப்பேன்.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, பேனாவும் கடதாசியும் எடுத்துட்டு வா. ஒரு கடிதம் எழுதணும்."

கை நடுக்கம் வந்த பிறகு அம்மா கையெழுத்து மட்டும்தான் போடுவார். கோயிலுக்கோ, தண்ணீர் பில் பிழையென்றோ, எந்தக் கடிதமானாலும் அவர் சொல்ல நான் எழுதுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"யாருக்கும்மா?"

"பேப்பர்ல எழுதுற அந்தப் பொம்பளைக்கு."

சேலைத் தலைப்பிலிருந்து மடித்த பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். என் பக்கம். கடைசி மூன்று வரிக்கும் கீழே நடுங்கிய கோடு இழுத்திருந்தது.

"எழுது. அன்புள்ள சகோதரிக்கு, நலம். நலமறிய ஆவல்."

எழுதினேன்.

"எந்தத் தாயும் தட்டு வைக்கமாட்டான்னு எழுதியிருந்திங்க. நான் ஏழு வருசமா வைக்கிறேன்."

எழுதினேன்.

"எம் மகனோட ஆளுக்கு."

பேனா நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா நிறுத்திட்ட? எழுது. எம் மகனும் ஒன்னும் சொல்லல, நானும் ஒன்னும் கேக்கல. கேட்டா ரெண்டு பேரும் சங்கடப்படுவாங்கன்னு மீனைப் பொரிச்சும் கறி வச்சும் போட்டேன். வாயால சொல்லாதத சோத்தால சொன்னேன்னு வச்சிக்கங்க. டீவியில அந்தத் தாயைப் பாத்தப்ப எனக்கு அவ்வளவு ஆறுதல். நான் மட்டும் இல்லன்னு. பெறகு நீங்க எழுதுனத வாசிச்சேன். ஊரே சிரிக்கும்னு போட்டிருந்திச்சு. பக்கத்து வீடு, கோயில், மார்க்கெட், எல்லாரும் இத்தன நாளும் என்னையப் பாத்துச் சிரிச்சிருப்பாங்களோன்னு ஆகிப்போச்சு. ரெண்டு சனிக்கிழமை கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டேன். அந்தப் பிள்ளை வெறும் பருப்போட தின்னுட்டுப் போச்சு. அது எம் மனசுல கெடக்கு." பேப்பர் துண்டின் மடிப்பை விரலால் நீவினார். "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கான்னு தெரியல. இருந்தா இப்புடி எழுதியிருக்கமாட்டிங்க. போடு, இப்படிக்கு."

என்னிடம் நேராகச் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்ல அம்மாவால் முடிந்திருக்கிறது. நான் எழுதுகிற கை மட்டும்தான். முழுப் பெயரும் முகவரியும் எழுதச் சொன்னார்.

"பேர் வேணாம்மா. கண்டி முழுக்கத் தெரிஞ்சிடும்."

"என்னா தெரியும்? நான் சோறு போட்டது தெரியும். தெரியட்டும்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூன்றெழுத்துப் பெயரைப் போட அவ்வளவு நேரம் எடுத்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, இதை அனுப்ப வேணாம். அப்படி ஒரு பொம்பள இல்ல. அந்தப் பக்கத்தை நான்தான் எழுதுறேன். பேர் மட்டும்தான் பொம்பளப் பேரு."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வாரமா?"

"பதினாலு வருசமா."

"அந்தப் பாட்டுப் போட்டியில சின்னப் பிள்ளையப் போட்டுத் திட்டுனதும் நீயா?"

"ஆமாம்மா."

"அடப் பாவி!" என்றார். ஒரு நிமிடம் சிரித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். சிரிக்கவில்லை. பேப்பர் துண்டைத் தன் பக்கம் இழுத்துக் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"எந்தத் தாயும் வைக்கமாட்டான்னு எழுதுனியே, அப்ப என்னைய எங்க வச்சிருந்த?"

அவர் கையால் சாப்பிட்டு, அவர் மேசையைத் துடைத்து, அதன் மேல் கடதாசி வைத்துத்தான் அதை எழுதினேன். எழுதும்போது என் நினைவில் அவர் வரவேயில்லை. நாலு வாரம் அழுது, வயலின் வாசிக்க வைத்து, பிறகு ஏற்றுக்கொள்பவள்தான் ஏற்றுக்கொள்கிற தாய் என்று டீவியைத் திட்டித் திட்டி நானே நம்பிவிட்டேனோ என்னவோ. எனக்கு இப்போதும் விளங்கவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

"அழுறத விடு. கடிதத்தைக் கவர்ல போடு" என்றார். "நாளைக்கு நானே தபால் கந்தோர்ல போடுறேன். நீ பதில் எழுது. அந்தப் பொம்பளப் பேர்ல இல்ல. ஒம் பேர்ல எழுது. இப்ப போனை எடுத்து நம்பரப் போட்டுத் தா."

போட்டுக் கொடுத்தேன். அம்மா அவரிடம் ஓட்டைச் சிங்களத்தில் பேசினார்: "புத்தா, சனிக்கிழமை வாங்க. மீன் வாங்குறேன்." மறுபக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "ஓ, ஓ" என்றார் அம்மா. போனை என்னிடம் தராமலே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூப்பிட்டார். அந்தக் கடிதத்தை எழுதியது என் அம்மா என்று அவருக்குத் தெரியாது; என் பக்கம் டைப் அடித்து ஈமெயிலில் போவதால் என் கையெழுத்தையும் வீட்டு முகவரியையும் அவர் பார்த்ததில்லை. "கண்டியிலயிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. கட்டாயம் போடுறன். பக்கத்திலயே உங்கட பதிலும் வரவேணும், புதன்கிழமைக்கிடையில அனுப்புங்கோ" என்றார். என் பெயரில் அனுப்பலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அன்று பின்னேரம் கடதாசி எடுத்து 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதினேன். கீழே பெயர் போடும் இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டம் இருக்கிறது. ஆபீஸ் இருக்கிறது. தெல்தெனியவில் ஒரு பள்ளிக்கூடம் நிறைய அவரிடம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வளவும் இருக்கும்போதுதான் அம்மா தன் பெயரைப் போட்டார்.

சனிக்கிழமை அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார். அம்மா தட்டு வைத்தார். பாரை மீன். நடுத்துண்டு அவருக்கு. தலையை எனக்குப் போடுவார் என்று தட்டை நீட்டினேன். அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு வாலை எனக்கு வைத்தார்.

"பதில் எழுதிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப வாலத் தின்னு."

வாத்தியாருக்கு விளங்கவில்லை. என்ன விசயம் என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார்: பேப்பர், பொம்பளப் பேர், தட்டு, கடிதம், எல்லாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் தன் நடுத்துண்டைப் பிட்டு, பாதியை எடுத்து என் தட்டில் வைத்தார். ஏழு வருடத்தில் அம்மா முன்னால் அவர் என் தட்டுப் பக்கம் கை நீட்டியதே இல்லை. நான் தலை நிமிரவில்லை.

"பாவம் பாக்காதீங்க புத்தா" என்றார் அம்மா. பிறகு சட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "மொதல்ல பேரைப் போட்டு எழுதட்டும்."